'வேணும்னா போட்டுக்கலாம்': குமரி மாவட்ட டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை, பேச்சிப்பாறை முதல் முட்டம் வரை, ஊருக்கு ஊர் கிளினிக் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து, ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசியைப் பற்றி இந்த மடல். கலெக்டருக்கு எழுது, சுகாதாரத் துறைக்கு எழுது என்று கடைக்கு வருகிறவர்கள் சொன்னார்கள். சுகாதாரத் துறைக்கும் இதில் ஒரு வேலை உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் உடம்பு சுட்டால் எங்கள் சனம் முதலில் ஏறுவது உங்கள் படியைத்தான். அதனால் உங்களிடமே பேசிவிடலாம் என்று தோன்றியது.

தக்கலைப் பக்கம் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று, சுகர் உண்டு. எங்கள் குடும்பத்தில் ஆஸ்பத்திரி இலாகா என் கையில். அப்பாவின் இழுப்புக்கு மருந்து வாங்குவது, மாமியின் பிரஷர் மாத்திரை தீருவதற்குள் சீட்டைத் தேடி எடுப்பது, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துவது எல்லாம் நான்தான். உங்களில் பலருடைய கிளினிக் பெஞ்சு எனக்கு நல்ல பழக்கம்.

விஷயம் ஃப்ளூ தடுப்பூசி. அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. மழை தொடங்கினால் இழுப்பும் தொடங்கிவிடும். பேப்பரில் எதையோ படித்துவிட்டு, "டாக்டர், ஃப்ளூவுக்கு ஊசி இருக்காமே, அப்பாவுக்குப் போடலாமா?" என்று கேட்டேன். "வேணும்னா போட்டுக்கலாம்மா" என்றார். அடுத்த டோக்கனுக்கு மணி அடித்தாயிற்று. நல்ல மனிதர், கைராசிக்காரர், அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிறகு விசாரித்தால் தெரிந்தவர்கள் பலருக்கும், வேறு வேறு கிளினிக்குகளில், இதே பதில்தான் கிடைத்திருக்கிறது.

வேணுமா வேண்டாமா என்று தெரியாமல்தானே டாக்டரிடம் வருகிறோம்?

போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. யாரையும் கட்டாயப்படுத்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. கோவிட் சமயத்தில் சான்றிதழ் காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்ற கூத்தைப் பார்த்தவள் நான். அந்தச் சான்றிதழ்களை லேமினேட் பண்ணிக் கொடுத்துக் காசும் பார்த்தவள். அது வேறு காலம், அந்தக் கட்டாயம் இதற்குத் தேவையில்லை. ஆனால் விருப்பத்துக்கு விடுவது வேறு, விவரம் சொல்லாமல் விடுவது வேறு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது நம் கடற்கரையில் நடந்தது நினைவிருக்கும். கடலுக்குப் போவதா வேண்டாமா என்பது எப்போதும் போகிறவருடைய முடிவுதான். எச்சரிக்கை சரியான நேரத்தில் கிடைக்கவில்லை என்றுதான் தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் அத்தனை பேர் கொதித்தார்கள். சேதி கிடைக்காமல் எடுத்த முடிவை அவர்களுடைய சொந்த முடிவு என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்?

ஒரு ஊசியை அதோடு ஒப்பிடுவது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் உலகம் முழுக்க ஒரு வருஷத்தில் ஃப்ளூவினால் வரும் மூச்சுக் கோளாறில் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்கிறது. பெரும்பாலானவர்கள் ஒரு வாரம் படுத்து எழுந்துவிடுவார்கள் என்பதும் உண்மை. அந்தப் பெரும்பாலானவர்களில் நான் உண்டா, அப்பா உண்டா, அதைத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொன்னால் என்ன கேட்கிறேன் என்று விளங்கும்.

முதலில் நான். சுகர்காரி என்பதால் போட்டுக்கொண்டேன். அதற்கு முன் கிடைத்ததை எல்லாம் படித்தேன். மகன் கல்லூரியில் படிக்கிறான், புரியாத இடத்தை அவன் சொல்லித் தந்தான். மெடிக்கலில் வாங்கிய பெட்டியில் ஒரு மடித்த தாள் இருந்தது. எழுத்து எறும்பு மாதிரி பொடி. கடை மிஷினில் வைத்து இரண்டு மடங்கு பெரிதாக்கி ஏ3 தாளில் எடுத்துத்தான் படிக்க முடிந்தது. செத்த கிருமியின் துண்டுகளை வைத்துச் செய்த மருந்து, அதனால் ஊசியே ஃப்ளூவை உண்டாக்காது என்று அதில் இருந்தது. கை வலிக்கும், ஓரிரு நாள் உடம்பு அலுப்பாக இருக்கலாம், லேசாகக் காய்ச்சல் வரலாம் என்றும் இருந்தது. எனக்குக் கை மட்டும் வலித்தது. எங்கள் தெருவில் ஒருத்தி "ஊசி போட்டுத்தான் எனக்குப் பனியே பிடிச்சுது" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த லேசான காய்ச்சலைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு பாதி குறைந்திருக்கும்.

அந்தத் தாளில் இன்னொன்றும் இருந்தது. மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறைய விடக் கூடாது, உறைந்தால் வீண். கடைப் பையன் எனக்குக் கொடுத்தது ஒரு பாலிதீன் கவரில், ஐஸ்கட்டிக்கு நடுவில் சொருகி! நல்லவேளை, கிளினிக் பக்கத்துத் தெருவில்தான். திருவட்டாறு, அருமனையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? வீட்டுக்குக் கொண்டுபோய் ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்து வருகிறவர்கள் இருக்கமாட்டார்களா? மழைக்காலத்தில் கரண்ட் போனால் நம் ஊரில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆளையே மருந்து சுமக்க வைப்பதற்குப் பதில், கிளினிக் ஃபிரிட்ஜிலேயே வாங்கி வைத்துப் போடுங்களேன். குழந்தை டாக்டர்கள் அப்படித்தானே செய்கிறார்கள்.

குழந்தை டாக்டர்கள் என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. நாகர்கோவிலில், மார்த்தாண்டத்தில் கைக்குழந்தையோடு போகிற தாய்மாருக்கு ஃப்ளூ ஊசி தெரியும். ஆறு மாதம் ஆன பிறகு போடலாம், முதல் தடவை என்றால் நான்கு வாரம் இடைவெளி விட்டு இரண்டு ஊசி என்று அட்டையிலேயே எழுதித் தருகிறார்கள். அதே வீட்டுத் திண்ணையில் இழுப்போடு உட்கார்ந்திருக்கும் பாட்டாவுக்கு அப்படி ஒரு ஊசி இருப்பதே தெரியாது. பேரனைக் கூட்டிப் போகிற மருமகளிடம், "வீட்டில் வயசானவங்க இருக்காங்களா?" என்று குழந்தை டாக்டர் ஒரு கேள்வி கேட்டால் போதும். ஹஜ்ஜுக்குப் போகும் வயதானவர்களுக்குக் கிளம்பும் முன் ஃப்ளூ ஊசியும் போட்டு அனுப்புகிறார்கள். அப்படியானால் இந்த ஊசியின் அவசியம் அரசாங்கத்துக்குத் தெரியாததல்ல. ஹஜ்ஜுக்குப் போகாமல் குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ வீட்டோடு இருக்கும் வயதானவர் மட்டும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அடுத்தது மாமி. அவர்களுக்குக் காய்ச்சல், கிருமி, சதவீதம் எதுவும் வேண்டாம். "கோட்டாறு சவேரியார் திருநாளுக்கு நான் எழும்பி நடக்கணும், அதுக்கு அந்த ஊசி உதவுமா உதவாதா?" என்று கேட்டார்கள். உதவலாம், ஆனால் ஊசி போட்டு இரண்டு வாரம் போனால்தான் வேலை செய்யத் தொடங்கும் என்றேன். திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3-ல் முடிகிறது. கணக்குப் பண்ணி அக்டோபரிலேயே போட்டுக்கொண்டார்கள். மனிதர்கள் இப்படித்தான் முடிவெடுக்கிறார்கள் டாக்டர். உங்கள் பாடப் புத்தகத்தில் சவேரியார் வரமாட்டார். எங்கள் காரணத்துக்கு ஏற்ற விவரத்தைச் சொல்ல உங்களால் முடியும்.

அப்பா வேண்டாம் என்றார். எல்லாவற்றையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "மக்களே, எனக்கு ஊசியெல்லாம் வேண்டாம். இந்த வயசுக்கு மேல வருஷா வருஷம் குத்திக்கிட்டுத் திரிய ஏலாது" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அவர் உடம்பு, அவர் விருப்பம். ஆனால் ஊசி வேண்டாம் என்பவருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஃப்ளூவுக்கு மாத்திரை உண்டு, ஓசல்டாமிவிர். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதற்கு முழுப் பலன். அப்பா மாதிரி ஆட்கள் சுக்குக் காப்பி குடித்து, கஷாயம் குடித்து, மெடிக்கலில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, நாலாம் நாள் மூச்சு முட்டும்போதுதான் உங்களிடம் வருகிறார்கள். "ஊசி வேண்டாமா, சரி. ஆனா காய்ச்சல் வந்தா ரெண்டாம் நாளே இங்க இருக்கணும்" என்று அப்பாவிடம் நீங்கள் சொன்னால் கேட்பார். நான் சொன்னால் கேட்கமாட்டார். இப்போதைக்கு வீட்டில் யாருக்காவது தடுமம் என்றால் அவர் அறைப் பக்கம் போகக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். பேரப்பிள்ளைகள் அதை மதிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரர் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர், ஆரோக்கியமான உடம்பு. விலையைக் கேட்டதும், "வேண்டாம், அந்தக் காசுக்கு வேற வேலை இருக்கு" என்றார். கம்பெனியைப் பொறுத்து ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து 2,000-க்கு மேலும் போகிறது. மழையில் வெட்டு இல்லாத மாசத்தில் அது சின்னக் காசில்லை. அவர் வயதுக்கும் உடம்புக்கும் அது தப்பான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் இருமினால் அப்பாவுக்குப் போகும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமே என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை, என்னிடமும் முடிவான பதில் இல்லை. ஜப்பானில் பல வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசியைக் கட்டாயமாகப் போட்டிருக்கிறார்கள். 1987-ல் பெற்றோர் மறுக்கலாம் என்றார்கள், 1994-ல் திட்டத்தையே விட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் குளிர்காலச் சாவுகள், பெரும்பாலும் வயதானவர்களுடையவை, குறைந்திருந்தன, நிறுத்திய பிறகு கூடின என்று 2001-ல் ஒரு ஆய்வு வந்தது. பிள்ளைக்குப் போட்டதன் பலன் கிழவருக்குப் போயிருக்கிறது. 'அவரவர் விருப்பம்' என்று நானே மேலே எழுதினேன், இருந்தாலும் ஒரு வீட்டுக்குள் ஒருவர் விருப்பம் அவரோடு நிற்பதில்லை.

கடைசியாக என் தங்கச்சி மகள், ஏழு மாதக் கர்ப்பிணி. கிராம நர்ஸ் சரியாக வந்து டெட்டனஸ் ஊசி போட்டார், இரும்புச் சத்து மாத்திரை தந்தார், கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கித் தந்தார். நம் மாநிலத்தில் இந்த வேலை ஒழுங்காக நடக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஆனால் ஃப்ளூ ஊசியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. கர்ப்பிணிகள் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் மத்திய சுகாதாரத் துறையே சொல்கிறது. பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை இந்த ஊசி போட முடியாது. தாய் போட்டுக்கொண்டால் அவள் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பு சக்தி குழந்தைக்கும் போய், அந்த முதல் மாதங்களைக் கொஞ்சம் காக்கிறது. இதைக் கேட்டதும் அவள் யோசிக்கவே இல்லை. மாமியார் வீட்டில்தான், "டாக்டரே சொல்லாததை நீ ஏன் போடணும்?" என்று தடை. டாக்டர் சொல்லவில்லை என்றால் தேவையில்லை என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம் எடுப்பார்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் அதுவும் ஒரு சீட்டு எழுதித் தந்த மாதிரிதான்.

சனத்தின் சந்தேகங்களுக்கு வருகிறேன். ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிக்காத ஊர் இது. சளி பிடித்தாலும் "ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று கேட்டு வாங்குவார்கள். அதே ஆள் தடுப்பூசி என்றால் பத்தடி தள்ளி நிற்கிறார். காரணம் கோவிட். நம் ஊரில் யாராவது இளவயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், மறுநாள் கடையில் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர், "எல்லாம் அந்த ஊசியாலதான்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். நான் தேடிப் படித்ததில் கிடைத்தது இது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. ஃப்ளூ என்று பரிசோதனையில் உறுதியான பிறகு முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, மற்ற நாட்களைவிடச் சுமார் ஆறு மடங்காக இருந்ததாம். அதாவது நெஞ்சைப் பற்றிப் பயந்து ஊசியைத் தள்ளுகிறவர், நெஞ்சுக்கு ஆபத்தான காய்ச்சலைத்தான் வா என்கிறார். இதை ஜெராக்ஸ் கடைக்காரி சொன்னால் யார் கேட்பார்கள்? ஸ்டென்ட் வைத்த ஆளுக்கு மாதாமாதம் மாத்திரை எழுதுகிற நீங்கள் சொல்லலாம்.

அதேபோல, "போட்டும் வந்துச்சே" என்ற புகார். ஆனி ஆடி மழையில் நம் மாவட்டத்தில் என்னென்ன காய்ச்சல் வருகிறது? டெங்கு வருகிறது, எலிக்காய்ச்சல் வருகிறது, பெயரே தெரியாத வைரல் காய்ச்சல்கள் வருகின்றன. ஃப்ளூ ஊசி ஃப்ளூவுக்கு மட்டும்தான். சாதாரணத் தடுமத்துக்குக்கூட அது காவல் இல்லை. ஊசி போட்டவர் கொசுக்கடியில் டெங்கு வாங்கிப் படுத்துவிட்டு ஊசியைத் திட்டுகிறார். ஃப்ளூவுக்கேகூட, கிருமியும் ஊசியும் நன்றாகப் பொருந்துகிற வருஷத்தில் நூற்றில் 40 முதல் 60 வரைதான் தடுப்பு என்கிறார்கள். பொருந்தாத வருஷம் அதற்கும் கீழே. மீறி வந்தாலும் ஆஸ்பத்திரியில் படுக்கிற அளவுக்குப் போகும் ஆபத்தைக் குறைக்கிறது. இந்த எண்ணை மறைக்காமல் சொல்லுங்கள். பாதிக்குப் பாதி என்று தெரிந்தே சீட்டு கட்டுகிற, ரப்பர் விலை ஏறுமா என்று ஷீட்டை அடுக்கி வைத்துக் காத்திருக்கிற சனம்தான் நாங்கள். தாங்கிக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம் என்று மாநிலத்திலேயே முதலில் நின்ற மாவட்டம் வேறு.

கெட்டதையும் சேர்த்தே சொல்லுங்கள். நரம்பைப் பாதித்துக் கை கால் தளர்ந்துபோகிற கியான் பாரே என்ற நோய், பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரலாம் என்று படித்தேன். முன்பு ஃப்ளூ ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் போடக் கூடாது, நல்ல காய்ச்சல் இருக்கும்போது தள்ளிப்போட வேண்டும். முட்டையில் வளர்த்துச் செய்கிற மருந்து என்பதால் முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் பயப்படுகிறார்கள். அவர்களுக்குத் தனி எச்சரிக்கை தேவையில்லை என்று அமெரிக்காவில் 2023-லேயே சொல்லிவிட்டார்களாம். நீங்கள் மறைத்ததை வாட்ஸப்பில் எவனோ பத்து மடங்காக்கி அனுப்பும்போதுதான் சனம் மிரள்கிறது.

எப்போது போடுவது என்பதில்தான் நம் மாவட்டத்துக்குத் தனிச் சிக்கல். நாட்டின் பெரும்பகுதியில் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவ மழையோடு ஃப்ளூ கூடுகிறது. சென்னைப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையோடு கூடுகிறது. நமக்கோ இரண்டு மழையும் உண்டு. ஊசியின் பலமோ மாதம் போகப் போக இறங்கிக்கொண்டே வரும். கிருமி வேஷம் மாற்றிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்தில் இரண்டு தடவை, பிப்ரவரியில் பூமியின் வடபாதிக்கும் செப்டம்பரில் தென்பாதிக்கும், எந்த ரகங்களைச் சேர்ப்பது என்று அறிவிக்கிறது. பெட்டியின் மேல் வடபாதி மருந்துக்கு 'என்.எச்.' அல்லது தென்பாதி மருந்துக்கு 'எஸ்.எச்.' என்றும் எந்த வருஷத்து மருந்து என்றும் போட்டிருக்கும். சீட்டில் வெறுமனே ஃப்ளூ ஊசி என்று எழுதினால், கடைக்காரர் கையில் இருப்பதைத் தருவார். அது போன பருவத்தின் மிச்சமாகவும் இருக்கலாம். எந்த மருந்து என்று நீங்கள் எழுதுங்கள். மூன்று ரகமா நான்கு ரகமா என்ற குழப்பத்தையும் தீர்த்து வையுங்கள். பி யமகட்டா என்கிற நாலாவது ரகம் 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில் எங்கும் உறுதியாகவில்லை, இனி அது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. இல்லாத கிருமிக்கு நாங்கள் ஏன் கூடுதல் காசு கொடுக்க வேண்டும்?

என் கணக்கு இது: மே மாதம் போட்டால் ஆனி ஆடியும் தப்பும், ஐப்பசி வரைக்கும் ஓரளவு தாங்கும். நான் மே மாதம்தான் போட்டுக்கொண்டேன். மாமி மாதிரி தவறவிட்டவர்கள் அடுத்த மே வரை காத்திராமல் மழைக்கு முன் செப்டம்பர் அக்டோபரில் போடலாம். நான் டாக்டர் இல்லை. இந்தக் கணக்கு சரியா தப்பா என்று குமரி மாவட்ட டாக்டர்கள் கூடிப் பேசி ஒரே குரலில் சொல்லுங்கள். சங்கம் இருக்கிறது, மாதாமாதம் கூட்டமும் நடக்கிறதே.

இனி கேட்கத் தயங்குகிற கேள்வி. நீங்கள் போட்டுக்கொண்டீர்களா? டாக்டர்களும் நர்சுகளும் முதலில் போட வேண்டியவர்கள் என்றுதான் அரசாங்க வழிகாட்டுதல் சொல்கிறது. நாள் முழுக்க இருமுகிறவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1813-ல், ராணி கௌரி லட்சுமி பாய் அம்மை குத்துவதைக் கொண்டுவந்தபோது சனம் பயந்திருக்கிறது. அதைப் போக்க அரண்மனையில் இருந்தவர்களுக்கே முதலில் குத்தினார்கள். 1879-ல் அரசு ஊழியர், மாணவர், கைதி எல்லோருக்கும் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவைவிட முன்னால் நடந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. "நானும் என் அம்மாவும் போட்டிருக்கோம்" என்று நீங்கள் ஒரு வரி சொன்னால், இந்த மடலில் நான் எழுதிய எல்லாப் புள்ளிவிவரத்தையும்விட அது எடுபடும். போடவில்லை என்றால் அதையும் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

காசு இல்லாதவர் கதை உங்கள் கையில் மட்டும் இல்லை. இங்கேதான் சுகாதாரத் துறையின் வேலை வருகிறது. நாட்டின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. ஆனால் நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. சுகர், பிரஷர் உள்ளவர்கள் யார், எந்த வீடு என்று ஊர் ஊராகப் பட்டியல் இருக்கிறது. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஃப்ளூ வந்தால் அதிகம் கஷ்டப்படுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் உள்ளவர்கள்தான். மருந்துகளை மொத்தமாக வாங்க மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும் என்பது தாள் வாங்கி விற்கிற எனக்கே தெரியும். முதலில் அறுபத்தைந்து வயதுக்கு மேல் சுகரோ இழுப்போ இதய நோயோ உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், விருப்பப்பட்டால் இலவசம் என்று தொடங்கலாம். புதன்கிழமை பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிற அதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதையும் போடலாம். நான் மனுக் கொடுத்தால் ஒரு சீல் குத்தி வைப்பார்கள். உங்கள் சங்கத்தின் கடிதத் தாளில் போனால் படிப்பார்கள்.

கிளினிக்கில் நேரம் இல்லை என்பீர்கள். ஒரு மாலையில் அத்தனை டோக்கன் இருக்க, ஒவ்வொருவரிடமும் இவ்வளவும் பேச முடியாதுதான். அதனால்தான் ஒரு தாள் கேட்கிறேன். ஏ4 தாள், ஒரு பக்கம், பெரிய எழுத்து. யாருக்கு முக்கியம், யார் போடக் கூடாது, நம் மாவட்டத்தில் எந்த மாதம், எவ்வளவு தடுக்கும், எதைத் தடுக்காது, என்ன விலை, இங்கே ஃபிரிட்ஜில் இருக்கிறதா, போட்டபின் கால் மணி நேரம் உட்கார வேண்டும், போடாதவர்கள் காய்ச்சல் வந்தால் இரண்டு நாளுக்குள் வர வேண்டும். கடைசி வரியில் டாக்டர் போட்டுக்கொண்டாரா என்பது. டோக்கனுக்குக் காத்திருக்கிற பெஞ்சுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினால் போதும். அங்கே உட்கார்ந்தவர்களுக்குப் படிக்க நேரம் தாராளமாக இருக்கிறது. படித்துவிட்டு உள்ளே வருகிறவர் கேட்கும் கேள்விக்கு உங்களுக்கு அரை நிமிஷம் போதும்.

வாசகத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள், எழுத்துப் பிழை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏப்ரலுக்குள் கிடைத்தால் மழைக்கு முன் ஒட்டிவிடலாம். தக்கலை வட்டாரத்து கிளினிக்குகளுக்குக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்துத் தருவேன், காசு வேண்டாம். கலர் வேண்டும் என்றால் மட்டும் தாள் காசு கொடுங்கள். லேமினேஷன் கவர் கோவிட் சமயத்தில் வாங்கியது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி